பழைய ஜீப்புக்குப் பிரேக் செலவு

பழைய ஜீப் ஒன்றை வாங்கி, அதை மலைப் பாதைக்கும் காட்டுப் பாதைக்கும் லாயக்காக்கிக் கொள்ள வேண்டும் என்ற ஆசையோடு யோசனை கேட்க வருகிற நண்பர்களில் பெரும்பாலோர், டயர் எத்தனை அங்குலம் போடலாம் என்பதை முதலிலும், எஞ்சினை மாற்றினால் என்ன செலவாகும் என்பதை அடுத்தும், பெயின்ட், பம்பர், விளக்கு முதலிய அலங்கார விஷயங்களைப் பிறகும் கேட்டுவிட்டு, விடைபெற்று எழுந்திருக்கும் சமயத்தில், "பிரேக் எல்லாம் பிடிக்குது சார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்கள். பிரேக் பிடிக்கிறது என்பதற்கும், லோணாவளாவிலிருந்து கோப்போலி வரை மழையில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மலை இறங்கும்போதும் அது பிடிக்கும் என்பதற்கும் உள்ள தூரத்தைப் பற்றியும், அந்தத் தூரத்தைக் கடக்க ஆகிற செலவைப் பற்றியும் விஸ்தாரமாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

நான் குடியிருப்பது திலக் நகர். செம்பூருக்கும் குர்லாவுக்கும் இடையில், ஹார்பர் லைன் ரயிலின் சப்தமும் லோக்மான்ய திலக் டெர்மினஸுக்கு வந்து போகும் நெடுந்தூர வண்டிகளின் சப்தமும் ஒருங்கே கேட்கிற பேட்டை இது. பழைய வாகனங்களில் பிரியம் கொண்டவனுக்கு இதைக் காட்டிலும் அனுகூலமான இடம் பம்பாயில் அதிகம் இல்லை. அமர் மஹால் சந்திப்பில் தொடங்கும் சாந்தாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலையில் ஏறினால், குர்லா மேற்கில் ஸி.எஸ்.டி. சாலையின் கராஜுகளும் பழைய உதிரிபாகக் கடைகளும் வெகு சமீபம். வால்சந்த் ஹீராசந்த் 1944இல் ஸ்தாபித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் தொழிற்சாலை இருந்த குர்லா என்பதால், லேத் பட்டறையும் பேரிங் கடையும் மிஸ்திரிகளும் அந்தப் பக்கத்தில் பரம்பரையாக வேரூன்றி நிற்பதில் ஆச்சரியம் இல்லை.

ஜீப்புக்கும் இந்த நகரத்துக்கும் உள்ள பந்தம் அதனினும் நெருக்கமானது. 1945இல் மஹீந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகம்மதுவும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, நாட்டுப் பிரிவினைக்குப் பின் குலாம் முகம்மது பாகிஸ்தானின் நிதி மந்திரியாகப் போய்விட்டதனால், 1948இல் மஹீந்திரா அண்டு மஹீந்திரா என்று பெயர் மாறி, அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாகத் தருவித்து, பம்பாய் மஜ்காவில் பூட்டி விற்கத் தொடங்கியது. பின்னர் காண்டிவலியில் பெரிய தொழிற்சாலை எழும்பியது. உயர்ந்த பானெட் கொண்ட ஸி.ஜே. 3 பி என்ற மாடல் அமெரிக்காவில் 1953இல் பிறந்து 1968இல் நின்றுபோயிற்று. நம் நாட்டிலோ அதன் வம்சம் பல தசாப்தங்கள் தழைத்து, எம்.எம். 540, எம்.எம். 550, மேஜர் என்று பெயரும் எஞ்சினும் மாறிக்கொண்டே வந்தது. போலீஸ், காட்டிலாகா, பொதுப்பணித் துறை, தேயிலைத் தோட்டம், தேர்தல் பிரசாரம் ஆகிய அனைத்துக்கும் உழைத்த அந்த வண்டிகள்தாம் இன்று ஏலத்திலும் இரண்டாம் கையிலும் நம்மவர்களிடம் வந்து சேருகின்றன.

வில்லிஸின் ஆதி அமைப்பை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும். நான்கு சக்கரத்திலும் 9 அங்குல டிரம். பெடலை மிதித்தால் ஒரே மாஸ்டர் சிலிண்டர். அதிலிருந்து புறப்படுகிற ஒரே குழாய்வழி நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயிலைக் கொண்டுபோகிறது. எந்த ஒரு வீல் சிலிண்டரில் ரப்பர் கிழிந்தாலும், எந்த ஒரு ஹோஸ் வெடித்தாலும், நான்கு சக்கரத்தின் பிரேக்கும் ஒருங்கே போய்விடும். பூஸ்டர் கிடையாது, ஓட்டுகிறவரின் கால் பலமே பலம். சரி, கை பிரேக் இருக்கிறதே என்றால், அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை; டிரான்ஸ்பர் கேஸின் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்குகிற இடத்தில் உள்ள சிறிய டிரம்மைப் பிடிக்கிறது. நடுவில் ஒரு யு ஜாயின்ட் உடைந்தாலும் சரி, பின் ஆக்சிலில் ஒரு ஷாஃப்ட் முறிந்தாலும் சரி, கை பிரேக்கை இழுத்துப் பிரயோஜனம் இல்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள யுத்தகால வண்டிக்கு, அன்றைய வேகத்துக்கும் அன்றைய சாலைக்கும் அது போதுமானதாகவே இருந்தது. அமெரிக்காவிலேயே இரட்டை வழிப் பிரேக் என்பது 1960களின் பிற்பகுதியில்தான் கார்களுக்குக் கட்டாயமாயிற்று.

அந்த அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேல் இன்றைய பாரத்தையும் வேகத்தையும் ஏற்றுவதில்தான் அபாயம் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் வண்டியை நிறுத்த வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது என்பது பள்ளிப் பாடம். மலை இறக்கத்தின் கணக்கோ பலருக்குத் தோன்றுவதில்லை. லோணாவளா கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. மலையடிவாரத்துக் கோப்போலி 100 மீட்டருக்கும் கீழே. ஒன்றரை டன் வண்டி ஒன்று 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது விடுகிற சக்தி, அதே வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 35 தடவை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமானம். எஞ்சின் பிடிப்பும் காற்றின் தடையும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. நியூட்ரலில் இறங்குகிறவர்களுக்கு எஞ்சினின் அந்தப் பங்கும் கிடையாது. மிச்சம் முழுவதும் சின்னஞ்சிறு டிரம்களில் உஷ்ணமாகவே சேருகிறது. உஷ்ணத்தில் டிரம் விரிகிறது, லைனர் தன் பிடிப்பை இழக்கிறது, பெடல் மேலும் மேலும் ஆழமாகப் போகிறது.

பெரிய டயர் போடுகிறவர்கள் இதோடு இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பழைய 6.00–16 டயரின் விட்டம் சுமார் 28½ அங்குலம். அதை எடுத்துவிட்டு 31 அங்குல டயர் மாட்டினால், பிரேக்கில் ஒரு மாற்றமும் செய்யாமலே அதன் பலம் தரையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைந்துவிடுகிறது; கனமான சக்கரம் சுழலும் வேகத்தை அடக்குவதற்கு ஆகிற பலம் அதற்கு மேல். டயரின் விலையைக் கணக்குப் பார்க்கிறவர்கள், அந்த டயர் தின்றுவிட்ட பிரேக்கின் விலையையும் அதே சீட்டில் எழுதிக்கொள்வதே நியாயம்.

இனி ஆக்சிலுக்கு வருவோம். பிரேக்கையும் ஆக்சிலையும் தனித்தனிச் செலவாகப் பார்க்கிற வழக்கம் ஏன் தவறு என்பதை, சென்ற கோடையில் குர்லாப் பக்கத்துப் பட்டறையில் ஒரு ஸி.ஜே. 3 பியின் பின் ஆக்சிலைக் கழற்றும்போது கண்ணெதிரே பார்த்தேன். அந்த ஆக்சில் ஸ்பைசர் 44 வகை. ஷாஃப்டின் வெளிமுனை கூம்பாகக் கடையப்பட்டிருக்கும். ஹப் அந்தக் கூம்பின் மேல் இறுகி உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறிய எஃகுச் சாவி. வெளியே ஒரு பெரிய நட்டும் காட்டர் பின்னும். மிஸ்திரி திருநெல்வேலிச் சீமைக்காரர். புல்லரை ஹப்பின் போல்ட்டுகளில் பூட்டி, நடுத் திருகை இறுக்கி, அதன் தலையில் சம்மட்டியால் ஒரு தட்டு, மீண்டும் ஓர் இறுக்கு, மீண்டும் ஒரு தட்டு என்று பொறுமையாகச் செய்துகொண்டே வர, துப்பாக்கி வெடித்தாற்போன்ற ஒரு சப்தத்தோடு ஹப் விடுபட்டது. அவர் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் பாதிக்கு மேல் நசுங்கிப் படி விழுந்திருந்தது. நட்டைப் போதுமான பலத்தில், அதாவது சுமார் 150 பவுண்டு-அடிக்குக் குறையாமல், யாரோ இறுக்காமல் விட்டதன் விளைவு அது. காட்டர் பின்னுக்குத் துவாரம் நேராக வரவில்லையென்றால் நட்டை இன்னும் முன்னே திருக வேண்டுமே தவிரப் பின்னே தளர்த்தக் கூடாது என்பது இந்த வேலையின் ஜீவநாடியான விதி.

"அண்ணாச்சி, ஹப்பு கழண்டுட்டுல்லா, அதோட லைனர், சிலிண்டர், சீல் எல்லாம் பாத்து முடிச்சிருங்க. பொறவு பிரேக்குக்குன்னு தனியா வந்தீயன்னா இதே கூலிய இன்னொருக்க குடுக்கணும்" என்றார் மிஸ்திரி.

கூலியை உத்தேசித்து அவர் சொன்ன அந்த யோசனை உயிருக்கும் பொருந்தும். இந்த வகை ஆக்சிலில் சக்கரத்தைத் தாங்குவதும் ஷாஃப்ட்தான், திருப்புவதும் ஷாஃப்ட்தான். கூம்பின் அருகில் ஷாஃப்ட் முறிந்தால், சக்கரமும் ஹப்பும் டிரம்மும் ஒன்றாகக் கழன்று ஓடுகின்றன. டிரம் போனதும் பிரேக் ஷூவைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. அந்தக் கணத்தில் பெடலை மிதித்தால் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்து, ஒற்றை வழியில் உள்ள ஆயில் முழுவதும் அந்த வழியாகவே கொட்டிவிடும். கை பிரேக்கும் அதே முறிந்த ஷாஃப்டை நம்பியிருப்பதால் அதுவும் இல்லை. ஓர் ஆக்சில் ஷாஃப்ட் முறிவதனால் வண்டியின் அத்தனை பிரேக்கும் போய்விடும் என்பது, இந்த அமைப்பை அறியாதவர்கள் கனவிலும் நினைக்காத காரியம்.

ஷாஃப்ட் ஏன் முறிகிறது? அந்த ஜீப்பில் முதல் கியரின் விகிதம் 2.8, டிரான்ஸ்பர் கேஸின் லோ 2.46, கிரவுன் பினியன் 5.38. மூன்றையும் பெருக்கினால் எஞ்சினின் முறுக்கம் ஆக்சிலை அடையும்போது 37 மடங்காகிறது. ஆதி எஞ்சினின் முறுக்கத்துக்கும் ஆதி டயருக்கும் ஏற்ப அளவிடப்பட்ட ஷாஃப்ட் அது. பலம் கூடிய டீசல் எஞ்சினை மாட்டி, பெரிய டயரையும் போட்டு, அதன் மேல், இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிச் சுழற்றுகிற லாக்கரும் வைத்து, ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்க மற்றொரு சக்கரம் பாறையிடுக்கில் சிக்கியிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், லாக்கரின் தயவால் முறுக்கம் முழுவதும் ஒரே ஷாஃப்டின் தலையில் விழுகிறது. ஆகவே லாக்கர் வாங்குகிறவர், ஒரே துண்டாக அடித்துச் செய்த பலமான ஷாஃப்டுகளையோ, பாரத்தை ஹவுசிங்கே தாங்கிக்கொள்ளும் ஃபுல் ஃப்ளோட்டிங் அமைப்பையோ அதோடு சேர்த்து வாங்கித்தான் ஆக வேண்டும். தனியாக வாங்கிய லாக்கர் பாதி வாங்கிய லாக்கர்.

செலவை இப்போது படிப்படியாகப் பார்க்கலாம். கடைக்குக் கடை விலை மாறுவதால் ரூபாய்க் கணக்கை நுணுக்கமாகச் சொல்வதை விட, எத்தனை இலக்கம் என்பதைச் சொல்லுவதே நேர்மை.

இருப்பதைச் செப்பனிடுவது முதல் வேலை. வீல் சிலிண்டர்களுக்கு ரப்பர் கிட், தேய்ந்திருந்தால் சிலிண்டரே புதிது, நான்கு சக்கரத்துக்கும் லைனர், ஹோஸ்கள், துருப்பிடித்த இரும்புக் குழாய்கள், ஆயில் சீல், டிரம்மை லேத்தில் கடைசல் பிடிப்பது, கடைசியாகக் குழாயில் சேர்ந்த ஏரை வெளியே எடுப்பது. உருப்படிகள் பெரும்பாலும் நூறுகளில்தான் இருக்கும். சேர்த்துப் பார்த்தால் ஆயிரங்கள். கூலியோடு ஐந்து இலக்கத்தின் தொடக்கத்தைத் தொடலாம். நூறு வண்டியில் தொண்ணூறுக்கு இதைச் செய்தாலே பிரேக்கின் குணம் மாறிவிடும் என்பது என் திடமான அபிப்பிராயம். டிஸ்க் பிரேக் வேண்டும் என்று துடிக்கிறவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியிருப்பது, வட்டமாகக் கடையப்பட்ட நான்கு டிரம்களும் கசியாத நான்கு சிலிண்டர்களுமே.

அடுத்தது, ஒற்றை மாஸ்டர் சிலிண்டரை எடுத்துவிட்டு, முன் சக்கரங்களுக்கு ஒரு வழியும் பின் சக்கரங்களுக்கு ஒரு வழியுமாகப் பிரிக்கிற டேண்டம் மாஸ்டர் சிலிண்டரைப் போடுவது. இதற்கு ஆகிற பணம், ஒரு நல்ல டயரின் விலையைச் சுற்றியே நிற்கும். வேறு எந்தச் செலவையும் தள்ளிப் போடலாம். இதைத் தள்ளிப் போடலாகாது.

முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் இவற்றுக்குப் பிறகுதான் வர வேண்டும். சுழலும் டிரம் தன் ஷூவைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும் சுபாவம் உடையது. அதனால் பூஸ்டர் இல்லாமலே பெடல் லேசாக இருக்கிறது. டிஸ்குக்கு அந்த உதவி இல்லை. ஆகவே பூஸ்டர் அவசியம். பூஸ்டருக்கு வாக்குவம் வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் அது மேனிஃபோல்டிலிருந்து கிடைக்கும், டீசலில் கிடைக்காது, ஆகையால் வாக்குவம் பம்ப்போடு கூடிய ஆல்டர்னேட்டர் வேண்டும். பழைய டிரம் அமைப்பில் குழாயில் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைக்கிற வால்வு இருக்கும். அதை எடுக்காமல் விட்டால் டிஸ்க் பேட் எந்நேரமும் உரசிக்கொண்டே இருக்கும். முன்னால் பிடிப்பு அதிகமாகிவிட்டதால் பின்னால் எவ்வளவு என்பதையும் சரிப்படுத்த வேண்டும். சின்ன ரிம்மாக இருந்தால் கேலிப்பர் இடிக்கும்; ரிம் மாற்ற வேண்டும். கிட்டின் விலையைக் கேட்டு ஐந்து இலக்கத்தில் மனத்தைத் தயார் செய்துகொண்டவர், வேலை முடியும்போது அதைப் போல் இரண்டு பங்கு கொடுத்திருப்பார். அமெரிக்காவில் பழைய வில்லிஸ் வைத்திருப்போரில் பலர், டிஸ்குக்குப் போகாமல் 9 அங்குல டிரம்மின் இடத்தில் பிற்கால ஜீப்புகளின் 11 அங்குல டிரம்மை மாட்டிக்கொண்டு திருப்தியடைவது இந்தச் சங்கிலியைத் தவிர்ப்பதற்காகத்தான். இறக்குமதி லாக்கரும் அதற்கேற்ற ஷாஃப்டுகளுமோ, முன்னும் பின்னும் சேர்த்தால் ஆறு இலக்கக் காரியம். பழைய ஜீப்பை வாங்கிய விலையையே அது எட்டிவிடக்கூடும். 2025 செப்டம்பர் 22 முதல் மோட்டார் உதிரிபாகங்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது ஓர் ஆறுதல்.

குர்லாவின் பழைய சாமான் கடைகளில் முழு ஆக்சிலாகவே வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே விகிதமாக இருந்தே தீர வேண்டும். கிரவுனில் 43 பல்லும் பினியனில் 8 பல்லும் இருந்தால் 5.38, 39க்கு 8 என்றால் 4.88. வெளிப்பார்வைக்கு இரண்டு ஹவுசிங்கும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று முன்னாலும் மற்றொன்று பின்னாலுமாகப் பூட்டி நான்கு சக்கர இழுவையைப் போட்டால், இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று எதிர்த்து முறுக்கி, டிரான்ஸ்பர் கேஸையோ யு ஜாயின்டையோ பலி வாங்கிவிடும். கடையிலேயே மூடியைத் திறந்து பல்லை எண்ணச் சொல்லுங்கள். எண்ண விடாத கடையில் வாங்காதீர்கள். கிரவுன் பினியனை மட்டும் மாற்றுவதானால், நீலம் தடவிப் பல்லின் மேல் பல் படிகிற இடத்தைப் பார்த்து, ஷிம் வைத்துச் சரிசெய்யத் தெரிந்த கைக்குக் கொடுக்கிற கூலியில் பேரம் வேண்டாம்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் பம்பாய்க்காரன் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் இயல்புடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்த பின் 140 டிகிரியிலேயே கொதிக்கக் கூடும். மலை இறக்கத்தில் அது கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து, பெடல் வெறுமையாகத் தரைக்குப் போகும். ஆக்சிலுக்கும் தண்ணீர் சத்துரு. ஓடிச் சூடான ஆக்சில் ராஜ்மாச்சிப் பாதையின் ஓடைகளில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, காற்றுப் போக்கியாகிய பிரீதர் அடைபட்டிருந்தால், சீலின் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அடுத்த தடவை டிரெயின் பிளக்கைத் திறந்தால் கியர் ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் வரும். பிரீதரிலிருந்து ஒரு ரப்பர் குழாயை மேலே பானெட் உயரத்துக்கு ஏற்றிவிட ஆகும் செலவு மிகச் சொற்பம்; அது காப்பாற்றுகிற பேரிங்கும் கிரவுனும் அப்படியல்ல.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். தேனி மாவட்டத்தின் எல்லையிலுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளப் பக்கமாக ஜீப் ஒன்றே கதி. அங்கே வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்களிடம் பேசிப் பார்த்தால், லாக்கரைப் பற்றியோ 31 அங்குல டயரைப் பற்றியோ பேச்சே எழாது. லைனர் எப்போது போட்டது, ஸ்பிரிங் பட்டை உடைந்ததா, பேரிங் சப்தம் போடுகிறதா என்பதே அவர்கள் சம்பாஷணை. விடியற்காலை இருட்டில் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு போய், லோ கியரில் மெல்ல இறங்கிவருகிற அவர்களுடைய சிக்கனத்தில் நமக்கு எடுத்துக்கொள்ளத்தக்க நியாயம் நிறைய இருக்கிறது.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க முடியாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியிருக்கிறது. ஆகவே அதே வம்சத்து வண்டிகளின் பாகங்களைக் கொண்டே பிரேக்கையும் ஆக்சிலையும் பலப்படுத்துவதும், வேலையில் இறங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வதும் உத்தமம். பதினைந்து வருஷம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. இருபது வருஷம் கடந்தவற்றுக்கு 2025இல் 10,000 ஆயிற்று. ஒவ்வொரு ஐந்து வருஷத்துக்கும் வருகிற இந்தத் தொகையையும், தகுதிச் சோதனையில் பிரேக் தேறினால்தான் பதிவு நீளும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

என்னிடம் குறிப்பிட்ட ஒரு தொகை கொடுத்து ஒரு பழைய ஜீப்பையும் ஒப்படைத்தால், டிரம், சிலிண்டர், லைனர், குழாய் இவற்றையும், அதே கூலியில் ஹப்பின் சாவியையும் ஷாஃப்டின் கூம்பையும் சீலையும் முதலில் முடிப்பேன். டேண்டம் மாஸ்டர் சிலிண்டர் அடுத்து. பின் ஆக்சிலுக்குப் பலமான ஷாஃப்ட் அதற்கடுத்து. மிச்சம் இருந்தால் டிஸ்க். அதற்கும் மேல் மிஞ்சினால்தான் பெரிய டயரும் லாக்கரும். ஜூன் மாதத்து முதல் மழைக்கு முன்பாக உங்கள் வண்டியின் ஒரே ஒரு பின் சக்கரத்தையாவது கழற்றி, டிரம்முக்குள் கசிவு இருக்கிறதா, சாவி முழுசாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.